மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம் முதலில் யாருடைய வீடு?

யாருடைய வீடும் இல்லை, அது ஐஸ் கிடங்கு! 1842-ல் பிரெடரிக் டூடர் என்ற பாஸ்டன் வியாபாரி கட்டியது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து சென்னை வெயிலில் விற்றிருக்கிறார் மனுஷர், அதுவும் லாபத்துக்கு. பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும்தான்.

அப்புறம் நீராவி இயந்திரம் வைத்து இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் கப்பல் ஐஸுக்கு மதிப்பு போய்விட்டது. கட்டடத்தை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வராந்தா எல்லாம் சேர்த்து அதை வீடாக மாற்றி, நீதிபதி கெர்னன் நினைவாக 'காசில் கெர்னன்' என்று பெயர் வைத்தார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கியது இவருடைய விருந்தினராகத்தான். விவேகானந்தர் கிளம்பிய பிறகு, அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் வந்து ராமகிருஷ்ண மடம் தொடங்கியதும் இங்கேயே.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம்: சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தது இந்தக் கட்டடத்தில்தான். போகிறவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

1963-ல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, அரசு பெயரை மாற்றியது. 1997-ல் குத்தகைக்கு எடுத்த ராமகிருஷ்ண மடம்தான் இப்போதுள்ள கண்காட்சியை நடத்துகிறது. போனால் வெளியே நின்று அந்த வட்ட வடிவ முகப்பையும் கொஞ்சம் பாருங்கள், சென்னையில் இப்படி இன்னொன்றைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.