பேரிடர் நேரத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டு அவசியமா? மாற்றுத்திறன் குழந்தை என்றால்?

சாப்பாடும் தங்க இடமும் தேடும் நேரத்தில் விளையாட்டு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 1989 ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவே விளையாட்டை உரிமை என்கிறது. அது கிடக்கட்டும், சின்னப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வார்த்தை வராது, விளையாட்டில்தான் வெளியே வரும். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும், 'தண்ணி வந்துடுச்சு' என்று தட்டிவிடும், மறுபடி அடுக்கி மறுபடி தட்டிவிடும். பார்க்கும் நமக்குத்தான் பதறும். தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து 'இப்ப யாரு காப்பாத்த வர்றாங்க?' என்று கேளுங்கள். வாரக்கணக்கில் அதே முடிவு, ஆட ஆடப் பயம் கூடுகிறது என்றால் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் ஓரமாக உட்கார்த்தி வேடிக்கை பார்க்க விட்டுவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகாம் இரைச்சலே தாங்காமல் போகலாம். தினமும் அதே நேரம், அதே மூலை, அதே பொம்மை என்று வைத்தால் கொஞ்சம் அடங்கும். பார்வையில்லாத பிள்ளைக்குப் பந்தை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், உருளும்போது சரசரவென்று கேட்கும். காது கேட்காத பிள்ளை இருந்தால், ஆட்டத்தில் விசில் ஊதும்போதே ஒரு துணியையும் அசைத்துக் காட்டுங்கள். சக்கர நாற்காலி வெள்ளத்தில் போய்விட்டதா? சரி, எல்லோருமே தரையில் வட்டமாக உட்கார்ந்து பந்தை உருட்டுங்கள், யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பதே ஆட்டத்தின் விதி.