முடக்குவாதத்தில் டி-டைமர் கூடினால் ரத்தம் உறைகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 47 வயது. நான்கு வருடமாக முடக்குவாதம், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன். ஒரு மாதமாக விரல் மூட்டுகளில் மறுபடி வீக்கம், காலையில் விறைப்பு. டெஸ்டில் ஈ.எஸ்.ஆர். 68, ஃபைப்ரினோஜென் 610, டி-டைமர் 900 என்று வந்திருக்கிறது. ரத்தம் உறைகிறது, தினமும் ஆஸ்பிரின் போடுங்கள் என்கிறார் என் கொழுந்தன். போடலாமா?

பதில்: உங்கள் கொழுந்தனார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனாலும் நீங்களாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மூட்டுகளில் அழற்சி அடங்காமல் இருப்பதைத்தான் இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன என்று நினைக்கிறேன்.

ஃபைப்ரினோஜென் கல்லீரலில் உண்டாகும் புரதம். காயம் பட்டால் திராம்பின் என்ற நொதி இதை வெட்டி ஃபைப்ரின் இழைகளாக மாற்ற, அவை வலைபோல் பின்னி ரத்தப்போக்கை நிறுத்தும். இதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் கல்லீரலைத் தூண்டிவிடும், உடனே அது ஃபைப்ரினோஜெனை அதிகமாகச் சுரக்கத் தொடங்கும். வழக்கமான அளவு 200 முதல் 400 வரை. அது கூடும்போது சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு குழாயில் சீக்கிரம் இறங்கும், அப்படி இறங்கும் வேகம்தான் ஈ.எஸ்.ஆர்., அது ஏறுவது அதனால்தான்.

டி-டைமர் என்பது அந்த ஃபைப்ரின் வலை கரையும்போது உதிரும் துண்டு. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வின் மேல் ஃபைப்ரின் படிந்துகொண்டும் கரைந்துகொண்டும் இருக்கும், அதனால் காலில் ரத்தக்கட்டி எதுவும் இல்லாமலே டி-டைமர் வழக்கமான வரம்பான 500-ஐத் தாண்டலாம். சிலருக்கு மூட்டிலிருந்து நீர் எடுக்கும்போது அரிசிமணி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் வரும், அதிலும் ஃபைப்ரின்தான்.

இந்தப் புரதம் அங்கே சும்மா படிந்து கிடக்கவில்லை. வெள்ளையணுக்களின் மேல் மேக்-1 என்றொரு பிடிப்பான் இருக்கிறது, அது ஃபைப்ரினைப் பற்றியதும் அந்த அணு இன்னும் மூர்க்கமாகிவிடும். எலிகளில் ஃபைப்ரினோஜெனில் மேக்-1 பற்றிக்கொள்ளும் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ரத்தம் வழக்கம்போல் உறைந்தது, மூட்டழற்சி மட்டும் வெகுவாகக் குறைந்தது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் உறைவதும் அழற்சியைத் தூண்டுவதும் ஒரே புரதத்தின் இரண்டு தனி வேலைகள் என்று இதிலிருந்து தெரிகிறது. உங்கள் ஆஸ்பிரின் கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆஸ்பிரின் தட்டணுக்களைத்தான் தடுக்கும், ஃபைப்ரினைத் தொடாது. அதோடு மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையோ ஸ்டீராய்டோ எடுப்பவராக இருந்தால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு எல்லாம் வரலாம். (இதய நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.)

சரி, என்ன செய்வது? மூட்டு நோய் மருத்துவரிடம் போய் மெத்தோட்ரெக்ஸேட் அளவு போதுமா, வேறு மருந்து சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அழற்சி அடங்கினால் இந்த எண்களும் இறங்கிவிடும். டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரை எழுதினால், உங்களுக்கோ குடும்பத்திலோ ரத்தக்கட்டி வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், அந்த மருந்துக்கு ரத்தக்கட்டி பற்றிய எச்சரிக்கை உண்டு.

ஒன்று மட்டும் கவனம். முடக்குவாதம் இருப்பவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நீர்க்கட்டி உடைந்தாலும் அச்சு அசலாக இப்படியே இருக்கும், கையால் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.