கிரவுண்ட் ராடை எதால் அடிப்பது? ஆஸ்டினுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஆஸ்டினின் மேற்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். வீட்டைப் பரிசோதித்தவர் கிரவுண்ட் ராடே இல்லை, அதாவது வீட்டு மின் இணைப்பை மண்ணோடு சேர்க்கும் கம்பியே இல்லை என்று எழுதிவிட்டார். பேனலில், அதாவது பிரேக்கர்கள் இருக்கும் மின் பெட்டியில், இணைப்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார், ராடை மட்டும் நானே இறக்கலாமா, சம்மட்டியா, ரோட்டரி ஹேமரில் மாட்டும் டிரைவரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக இறக்கலாம். சுத்தியல்போல் அடித்துத் துளை போடும் மின் இயந்திரமான ரோட்டரி ஹேமரையே வாடகைக்கு எடுங்கள். 8 அடி உயரக் கம்பியின் தலையில், ஏணியில் நின்றுகொண்டு சம்மட்டி ஓங்குவது ஆபத்தான வேலை. ஒரு அடி தவறினால் கம்பி வளையும், இல்லாவிட்டால் பிடித்திருப்பவரின் கை போகும். வேலை தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் பெர்மிட் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எடுக்கும் பெர்மிட்டுக்குள் நீங்கள் செய்யும் வேலையும் அடங்க வேண்டும்.

முதலில் 811-க்குப் போன் செய்து, மண்ணில் வேலை செய்யப் போவதைச் சொல்லுங்கள். நாடு முழுக்க இதே எண்தான், காசு கிடையாது. டெக்சஸில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைக் கழித்து 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆட்கள் வந்து, மண்ணுக்குள் லைன் ஓடும் இடங்களில் தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், தொலைபேசி மற்றும் இணையக் கேபிளுக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. ஆனால் மீட்டரைத் தாண்டி உங்கள் பக்கம் ஓடும் குழாய்களைப் பொதுவாக அவர்கள் குறிப்பதில்லை. தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் குழாய், பின்பக்க அடுப்புக்குப் போகும் கேஸ் குழாய் எல்லாம் இதில் வரும். என் வீட்டில் அப்படி ஒரு ஸ்பிரிங்க்ளர் குழாயை ராட் துளைத்துவிட்டது. தண்ணீர் பீறிட்டபோதுதான் தெரிந்தது. அதுவே கேஸ் குழாயாக இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஸ்பிரிங்க்ளரை ஒருமுறை ஓடவிட்டு, தலைகள் எங்கெங்கே இருக்கின்றன, குழாய் எந்த வழியாகப் போகும் என்று பார்த்து வையுங்கள்.

இப்போது கருவி. ரோட்டரி ஹேமரில் இரண்டு வகைப் பிடி உண்டு, எஸ்டிஎஸ் பிளஸ், எஸ்டிஎஸ் மேக்ஸ். சின்ன பிளஸ் இயந்திரம் சுவரில் துளை போடப் போதும், 8 அடிக் கம்பியை இறக்கத் திணறும். மேக்ஸ் பிடியுள்ளதைக் கேளுங்கள், கூடவே கிரவுண்ட் ராட் டிரைவர் என்று கேளுங்கள். ஒரு முனை ஹேமருக்குள் போகும், மறுமுனை கம்பியின் தலையை மூடும் கிண்ணம். 5/8 அங்குலக் கம்பிக்குப் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். இயந்திரம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று மாற்றும் திருகு, சுற்றாமல் அடிக்க மட்டும் செய்யும் இடத்தில், அதாவது சுத்தியல் படம் மட்டும் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். சுற்ற விட்டால் கம்பியும் சேர்ந்து சுற்றும், பிடித்திருப்பவர் கையைக் கிழிக்கும்.

ஒரு முழ அகலத்துக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பியைக் கையால் ஏற்றி இறக்கிக் குத்திக்கொண்டே இருந்தால், மண் இளகிய இடத்தில் முதல் ஓரிரண்டு அடி தானாகவே போய்விடும். கனமான ஹேமரைத் தலைக்கு மேல் தூக்கும் உயரம் அந்த அளவு குறையும், அதனால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஏணியில் ஒருவர், கீழே கம்பியை நேராகப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஹேமரை அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஓர் அடியில் கிண்ணம் தரையில் முட்டும், முன்னால் தோண்டிய குழி அப்போதுதான் உதவும்.

நகரத்தின் கிழக்கே கரிசல் மண், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். உங்கள் பக்கம் சுண்ணாம்புப் பாறை. நாலைந்து அடியில் கம்பி நின்றுவிட்டால், ஓரிரு நிமிடம் பாருங்கள். அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். விடாமல் அடித்தால் தலை சூடேறி நசுங்கும், நுனி எங்கோ வளைந்து போகும். பைப் ரெஞ்சால் திருகி எடுத்து, சில அடி தள்ளி முயலுங்கள். அங்கேயும் பாறை என்றால், செங்குத்திலிருந்து 45 டிகிரி வரை சாய்த்து அடிக்க விதி இடம் தருகிறது. அதுவும் முடியாவிட்டால் 30 அங்குல ஆழத்தில் பள்ளம் வெட்டிப் படுக்க வைக்கலாம். மீந்த கம்பியை அறுத்துவிட்டு முழுதும் இறங்கியதுபோல் மூடுவதை மட்டும் செய்யாதீர்கள். சிலர் செய்கிறார்கள், எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். 8 அடியும் மண்ணைத் தொட வேண்டும் என்பதுதான் விதியே.

இரண்டு ராட் ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே ராட் போட்டால் அதன் மின்தடை 25 ஓம் அல்லது அதற்கும் கீழே என்று அளந்து காட்ட வேண்டும். அதற்குப் பதில் எல்லோரும் இரண்டாவதை அடித்துவிடுகிறார்கள், குறைந்தது 6 அடி இடைவெளி விட்டு. நம் ஊரில் உப்பும் கரியும் போட்டு எர்த் குழி தோண்டிப் பார்த்த நமக்கு, கம்பி மண்ணில் இருந்தால் ஷாக் அடிக்காது என்ற எண்ணம் இருக்கும். அது சரியில்லை. 25 ஓம் மண்ணில் 120 வோல்ட் பாய்ந்தால் வருவது 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழவே விழாது. பிரேக்கரை விழவைப்பது பேனலில் நியூட்ரலும் கிரவுண்டும் சேரும் இணைப்பு. ராட் இருப்பது இடி, மின்னலுக்கும் வெளி லைனில் வரும் மிகை மின்னழுத்தத்துக்கும். அதனால்தான் பேனலுக்குள் நீங்கள் கை வைக்க வேண்டாம் என்கிறேன். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ராடுகளுக்கு 6 கேஜ் செம்புக் கம்பி போதும். வெட்டாமல் ஒரே நீளமாக முதல் ராட் வழியாக இரண்டாவதுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிளாம்ப், மண்ணுக்குள் புதைக்க அனுமதி பெற்றதாக இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை இரண்டு குழிகளையும் மூடாதீர்கள். குழந்தைகள் ஓடும் இடம் என்றால் மேலே ஒரு பலகை போட்டு வையுங்கள்.