ஊசி வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. முதல் வகை நீரிழிவு என்று சமீபத்தில்தான் தெரிந்தது. ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். பள்ளிக்கும் போகமாட்டேன் என்கிறாள். அவள் மனம் உடையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

சகோதரி, நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் பந்திங் என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மருந்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன், அது உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்வதுதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். என் மகளுக்கும் இதே வயதில் இதே நோய்தான் வந்தது. இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 படிக்கிறாள்.

உங்கள் வீட்டில் யாராவது அவளிடம், "வலிக்காதும்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். பாசத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஊசி வலிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று ஒரு நாளைக்கு நாலு தடவை வலிக்கும். குத்து வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? வலிக்காது என்று சொன்ன அதே வாய் நாளைக்கு "இதைப் போட்டால்தான் நீ நல்லா இருப்பே" என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? பிள்ளைக்கு நம் மேல் இருக்கிற நம்பிக்கைதான் இந்த நோய்க்குப் பாதி வைத்தியம். அதைச் சில்லறைப் பொய்யில் செலவழிக்காதீர்கள்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஓயாமல் தண்ணீர் குடித்தாள். ராத்திரியில் எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போனாள், படுக்கையையும் நனைத்தாள். பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வெயில் சூடு என்றார்கள், பூச்சி மருந்து கொடு என்றார்கள். வாந்தி எடுத்தபோது ஒரு கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், வாயில் ஒரு பழ வாடை. தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தமே அமிலமாகிவிட்டது என்று பிற்பாடுதான் புரிந்தது. இதைப் படிக்கிற மற்ற பெற்றோர்களுக்கும் சொல்கிறேன்: அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், உடம்பு இளைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். இனிப்பு நீர் வியாதி வயதானவர்களுக்குத்தான் வரும் என்பது தப்பு. இனிப்பு தின்று வந்த நோயும் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை.

குழந்தைகள் வார்டில் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இருந்தார். டாக்டர்கள் எங்களிடம் பேசினார்கள், அவர் பிள்ளையிடம் பேசினார். நாலு பேர் சேர்ந்து பிள்ளையைப் படுக்க வைத்து அமுக்குவது அவரிடம் கிடையாது. அம்மா மடியில், அம்மாவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார வைத்தார். தான் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசியின் மூடியைக் கழற்றி, 4 மில்லிமீட்டர் ஊசியை அவள் கண்ணெதிரே காட்டினார். "கொஞ்சம் வலிக்கும். அழணும்னா அழலாம். காலை மட்டும் அசைக்கக் கூடாது. இடது காலா, வலது காலா? நீ சொல்" என்று மலாயில் கேட்டார். என் மகள் ரொம்ப நேரம் யோசித்தாள். மிஸ்ஸி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் இடது தொடையில் தானே விரலை வைத்தாள். போட்டதும் வீறிட்டு அழுதாள். ஆனால் காலை இழுக்கவில்லை.

அன்றைக்கு நான் படித்துக்கொண்டது இதுதான். ஊசி போடலாமா வேண்டாமா என்று அவளிடம் கேட்கக் கூடாது, அது அவள் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. எந்த இடம், அம்மாவா அப்பாவா, பத்து வரை எண்ணலாமா ஊதிக்கொண்டே இருக்கலாமா, இதெல்லாம் அவள் கையில் இருக்கட்டும். தூங்கும்போது தெரியாமல் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்புறம் அவள் தூங்கவே பயப்படுவாள். "சேட்டை பண்ணினா ஊசி போட்ருவேன்" என்று மிரட்டுகிற பழக்கம் வீட்டில் யாருக்கும் இருக்கக் கூடாது.

மிஸ்ஸி ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து அவளையே ஊசி போட்டுப் பழகச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு புது ஊசியை எடுத்து, என் வயிற்றில் அவளையே குத்தச் சொன்னேன். அந்த வார்டில் அவள் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான். மிஸ்ஸி கதையும் சொல்வார். 1921க்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் கூடுதலாக உயிரோடு வைத்திருக்க முடிந்ததாம். கனடாவில் டொராண்டோ நகரத்தில் பேண்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதலில் போட்டார்கள். பேண்டிங் என்பதை ரோமன் எழுத்தில் எழுதினால் Banting, எங்கள் ஊர் பந்திங்கின் பெயரேதான். என் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, "அப்பா, நம்ம ஊரு!" என்று கத்தினாள். ஊருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் அந்தச் சந்தோஷத்தில் சாயங்கால ஊசி அழுகையில்லாமல் போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய வேலை. ஒரு நாள் புத்தகப் பையைத் தூக்கி எறிந்து, அம்மாவைப் பார்த்துக் கண்டபடி கத்தினாள். என் மனைவி கையை ஓங்கவில்லை, விரலைக் குத்திப் பார்த்தாள். ரத்தத்தில் சீனி 3.1 (மில்லிமோல் கணக்கில்). நாலுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை மட்டும் இல்லை, கோபமும் வரும். சீனித் தண்ணீர் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தோம். (சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பால் சீனி மெதுவாகத்தான் ஏறும். மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.) எண் ஏறியதும் மடியில் வந்து படுத்துக்கொண்டு, "நான் ஏம்மா அப்படிக் கத்தினேன்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: முதலில் குத்து, திட்டுவது அப்புறம்.

இன்னொன்று. எண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது பரீட்சை மார்க் இல்லை. "நல்ல நம்பர், கெட்ட நம்பர்" என்று சொல்லிப் பழகினால், பிள்ளை நாளைக்குக் கெட்டதை மறைக்கும். கூட இருக்கு, குறைவா இருக்கு, அவ்வளவுதான்.

பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் ஊசியாக இருக்காது, பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். விசாரியுங்கள். என் மகள் பக்கத்தில் உட்காராதே, அது ஒட்டுவாரொட்டி என்று ஒரு பிள்ளையின் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பள்ளியில் முதலில் கழிவறையில் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கழிவறையிலா? சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ஊசியை? நான் லோரியோடு நேராகப் பள்ளிக்கே போய்விட்டேன். சண்டை போடவில்லை, வகுப்பாசிரியையிடம் உட்கார்ந்து பேசினேன். நல்ல டீச்சர். வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளைப் போட்டுக்காட்ட விட்டார். இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாவது நாள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டப் பந்தயத்தில் சேர்க்கமாட்டோம் என்றதற்கும் அதே டீச்சர்தான் பேசினார். ஓடலாம். ஓடுவதற்கு முன்னால் எண்ணைப் பார்க்க வேண்டும், கையில் சீனி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கல்யாண வீட்டில் ஒரு அத்தை, பிள்ளையை வைத்துக்கொண்டே, "ஐயோ பாவம், பொம்பளப் பிள்ளைக்கு இப்படியா, நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்றார். அந்த இடத்திலேயே, அவள் காதில் விழும்படியே பதில் சொன்னேன்: இந்த நோயோடு படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் செய்து டாக்டர் கண்காணிப்பில் பிள்ளையும் பெறுகிறார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசினேன் என்று இன்னும் அந்த வீட்டில் வருத்தம். இருக்கட்டும். பாகற்காய்ச் சாறு கொடுத்துவிட்டு ஊசியை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அளவு கேட்க வேண்டும்.

அப்பாக்கள் ஏன் கிளினிக்குக்கு வருவதில்லை என்று சிலர் கேட்பதைப் பார்க்கிறேன். வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆலை வாசலில் எடை போட லோரிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையில் நிற்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எங்களுக்குச் சம்பளம் டன் கணக்கில். நிற்கிற நேரத்துக்கு ஒரு வெள்ளி கிடையாது. உட்கார நிழல் கிடையாது, கழிவறை கிடையாது. குலை கெடக் கூடாது, ஆள் கெட்டால் பரவாயில்லை. டாக்டரைப் பார்க்கும் நாளில் லீவு கேட்டால் அடுத்த நாள் லோரிச் சாவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கவனியுங்கள். என் சின்னவன் "எனக்கும் ஊசி போடுங்க" என்று கேட்க ஆரம்பித்தான். வீட்டில் எல்லாருடைய கண்ணும் அக்காவின் விரலிலேயே இருந்தது. சனிக்கிழமைகளில் அவனை லோரியில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன், போகும்போது அக்காவைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டேன்.

8 வயதுப் பிள்ளையின் தலையில் பொறுப்பைக் கட்டினேன் என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். கட்டவில்லை. அவள் இடத்தைக் காட்டினாள், நாங்கள் போட்டோம். அவளாகவே கேட்டபோதுதான் பேனாவைக் கையில் கொடுத்தோம், அளவை இன்றைக்கும் கூட ஒரு பெரியவர் சரிபார்க்கிறோம். படிவம் 3இல் அவளுக்குச் சலித்துப்போய்விட்டது. விரலைக் குத்தாமலே நோட்டில் எண் எழுதினாள். கேட்டதும், "நிஜமாவே களைச்சுப் போச்சுப்பா" என்று மறைக்காமல் சொன்னாள். என்னிடம் சொன்னாளே, எனக்கு அது போதும். திட்டவில்லை. கொஞ்ச காலம் ராத்திரி ஊசியையும் காலை விரல் குத்தலையும் நானும் அவள் அம்மாவும் திரும்ப எங்கள் கையில் எடுத்துக்கொண்டோம். இவ்வளவு வருஷம் கழித்தும் அப்படி ஓய்வு கொடுக்கலாம் என்று சொல்லித் தந்தது ஆஸ்பத்திரியின் நீரிழிவு மிஸ்ஸிதான்.

உங்கள் மகள் விஷயத்தில் இன்றைக்கு ராத்திரியே தொடங்கலாம். குளிர்ந்த மருந்து கூடுதலாக எரியும், அதனால் திறந்த பேனாவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே நாலு வாரம் வரை இருக்கலாம். காரிலும் மோட்டார் பெட்டியிலும் விட்டுவிடாதீர்கள். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். ஒரே இடத்தில் போட்டால் கட்டி தட்டிவிடும், இடம் மாற்றச் சொல்லி அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் இருந்தால் இழுக்காதீர்கள். நீங்களும் தரையில் படுத்துக்கொண்டு, "வலிக்கும், தெரியும். எந்தக் கால்?" என்று கேளுங்கள். பள்ளிக்கு, முதலில் வகுப்பாசிரியையைத் தனியாகப் பாருங்கள், பையில் சீனியும் ஒரு தாளில் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கட்டும். முதல் நாள் ஓய்வு நேரம் வரை இருந்தால் போதும் என்று அவளிடம் சொல்லுங்கள். சொன்னபடி ஓய்வு நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள்.