அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டில் அயோர்டா 38 மி.மீ. என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அயோர்டா என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், அதன் அகலத்தைத்தான் எக்கோ என்ற இதய ஸ்கேனில் அளக்கிறோம். 64 வயது, நல்ல உயரமான ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதயத்தை விட்டு மேலே ஏறும் இடத்தில் அயோர்டா 38 மி.மீ. என்றால் எல்லைக்குள்தான் இருக்கிறது. பொதுவாக 40-ஐத் தாண்டினால்தான் 'டைலேட்டட்', அதாவது விரிந்திருக்கிறது என்று எழுதுவோம். ஆனால் உங்கள் கவலை அது இல்லை என்று நினைக்கிறேன், போன வருடம் வடபழனியில் எடுத்தபோது 35, இப்போது தாம்பரத்தில் எடுத்தால் 38, ஒரே வருடத்தில் 3 மி.மீ. வளர்ந்துவிட்டதே என்றுதானே தூக்கம் போயிருக்கிறது?

நான் சென்னையில் 14 வருடமாக எக்கோ எடுக்கிறேன். இரண்டு இடத்தில், இரண்டு மெஷினில், இரண்டு பேர் எடுத்த எக்கோவில் 3 மி.மீ. வித்தியாசம் வருவது எங்களுக்குப் புதிதே இல்லை. குழாய் வளராமலேயே அந்த வித்தியாசம் வரும்.

எப்படி என்றால், அயோர்டா ஒரே அகலத்தில் போகிற பைப் இல்லை. வால்வுக்கு மேலே கொஞ்சம் புடைத்திருக்கும், அந்த இடம் ஆண்களுக்கு சராசரியாக 34 மி.மீ., பெண்களுக்கு 30. அதற்கு மேலே லேசாக இறுகும், பிறகு மறுபடி விரியும். நெஞ்சுக்குப் பின்னால் இறங்கும்போது 25 மி.மீ. அளவில் இருக்கும், வயிற்றுக்கு வரும்போது 20-க்கு வந்துவிடும். போன வருடம் அளந்த இடமும் இந்த வருடம் அளந்த இடமும் ஒன்றுதானா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். வெறுமனே 'அயோர்டா' என்று மட்டும் போட்டு ஒரு எண் எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

அடுத்தது கோணம். வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம், சரித்து வெட்டினால் நீள்வட்டம், தண்டு அதேதான். 34 மி.மீ. குழாயை 30 டிகிரி சரிவாக வெட்டிப் பார்த்தால் 39 என்று காட்டும்! வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு அம்மாவுக்கு நான் 44 என்று எழுதிக் கொடுத்தேன், அந்தக் குடும்பம் சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுக்கும்வரை இரண்டு வாரம் பட்ட பாடு இன்னும் என் மனதை உறுத்துகிறது. சிடியில் 39 தான். நெஞ்சில் வைத்துப் பார்க்கும் பிராப் சரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் மூன்று முறை அளக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்புறம் குழாயின் சுவர். உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளப்பவர்கள் உண்டு, வெளிச்சுவரையும் சேர்த்து அளப்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு எக்கோவில் அயோர்டாவை, இதயம் தளர்ந்து முடிகிற நேரத்தில், முன்சுவரின் மேல் விளிம்பில் ஆரம்பித்துப் பின்சுவரின் மேல் விளிம்பு வரை அளப்பதுதான் வழக்கம். சுவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே 2, 3 மி.மீ. மாறிவிடும். சிடியிலும் இதே கதைதான், அதோடு இதயத் துடிப்போடு சேர்த்து எடுக்காத சிடியில் அயோர்டாவின் வேர்ப்பகுதி அசைந்து மங்கிவிடும், அந்த மங்கலை அளந்தால் எண் தப்பாகத்தான் வரும்.

மற்ற குழாய்களையும் கேட்டிருந்தீர்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் கரோட்டிட் 6, 7 மி.மீ., தொடை இடுக்கில் கைக்குத் தட்டுப்படும் தமனி 8 முதல் 10, சிறுநீரகத்துக்குப் போவது 5, 6. மணிக்கட்டில் நாடி பார்க்கிற தமனி 2 முதல் 3 தான், இப்போதெல்லாம் கை வழியாக ஆஞ்சியோ செய்கிறார்களே, அந்தக் குழாய்தான். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்கள் ஆரம்பத்தில் 3 முதல் 4 மி.மீ., போகப்போகச் சிறுத்துவிடும். ஆஞ்சியோவில் இதை அளக்க, உள்ளே விட்ட கதீட்டர் என்ற மெல்லிய குழாயையே ஸ்கேலாக வைத்துக்கொள்வார்கள். கதீட்டரின் தடிமனை 'பிரெஞ்ச்' என்ற அளவில் சொல்வார்கள், 6 பிரெஞ்ச் என்றால் சரியாக 2 மி.மீ. ஆனால் ஆஞ்சியோவில் தெரிவது ரத்தம் ஓடும் வழி மட்டும்தான், சுவரில் படிந்த கொழுப்போ உறைந்த ரத்தமோ தெரியாது, அதனால் வீங்கிய குழாய்கூட அதில் நார்மலாகத் தெரியலாம்.

வயிற்று அயோர்டா 30 மி.மீ. ஆனாலே அனியூரிசம், அதாவது குழாய் வீக்கம் என்போம். சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே கண்டுபிடித்துவிடலாம், வாயு மறைக்கும் என்பதால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். புகைபிடிக்கிற, வயது 65-ஐ ஒட்டிய ஆண்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, உங்கள் அப்பாவும் பீடி பிடித்தவர் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். அங்கே ஆணுக்கு 55 வந்தால் ஆபரேஷன் பேச்சு வரும்.

உடம்பு அளவையும் விட்டுவிடாதீர்கள். ஆறடி ஆணுக்கு 38 சாதாரணம், நாலே முக்கால் அடி பாட்டிக்கு அதே 38 என்றால் நான் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். வயதானாலும் குழாய் மெதுவாக விரியத்தான் செய்யும், பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பழைய எக்கோ படங்கள் பதிந்த டிஸ்க்கோ பென்டிரைவோ இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே ஆள் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து சொல்லட்டும். வளர்ச்சி என்று சொல்ல அதுதான் ஒழுங்கான வழி. அப்படி அளந்தும் வளர்ந்திருப்பது தெரிந்தால், அல்லது வால்வுக்கு மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் என்று எழுதியிருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது அனியூரிசம் இருந்திருந்தால், இதய டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தயங்காமல் எடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடச் சொல்லாதீர்கள். குழாய் அகலமாக அகலமாக அதே அழுத்தம் சுவரை இன்னும் அதிகமாக இழுக்கும்.

நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் திடீரென்று வலி வந்தால் ரிப்போர்ட்டில் எந்த எண் இருந்தாலும் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.