ஒரே பட்டியில் மேய்ந்தும் சில செம்மறிகளை மட்டும் புழு ஏன் வீழ்த்துவதில்லை?

பட்டி முழுக்க மெலியும்போது இரண்டு மட்டும் மருந்தே இல்லாமல் நன்றாக நிற்கிறது, அதெப்படி, அவற்றுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டும் உருவத்தில் சிறியவையாக இருக்கும், விற்கவும் நினைத்திருப்பீர்கள். நான் அதைச் செய்தவன்.

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் எங்களிடம் 22 செம்மறிகள் நின்றன. 2021 மாரியில் ஒன்பது செத்தன. கழிச்சல் இல்லை, புழுக்கை வழமைபோலத்தான் விழுந்தது, அதனால் புழு என்று எனக்குப் படவே இல்லை. தாடைக்குக் கீழே நீர் கட்டித் தொங்கியது, கண்மடலை இழுத்துப் பார்த்தால் உள்ளே கடதாசி போல வெள்ளை. செத்த ஒன்றை வெட்டிக் காட்டித்தான் மிருக வைத்தியர் விளங்கப்படுத்தினார். இது குடலில் இல்லை, நான்காம் இரைப்பையில் இருந்து இரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும், மழை ஈரத்தில் அவற்றிலிருந்து வரும் குடம்பிகள் புல்லில் ஏறி நிற்கும்.

அதே புல்லைத் தின்ற எங்கள் கறுப்பி என்ற செம்மறிக்குக் கண்மடல் சிவப்பாகவே இருந்தது. அவளுக்குள்ளும் புழு போயிருக்கும். ஆனால் அவளுடைய உடல் அதை அடையாளம் கண்டு, இரைப்பைச் சுவரில் சளியைச் சுரந்து, ஒருவகை வெள்ளை அணுக்களைத் திரட்டி, வந்த குடம்பிகளில் பலதைத் தங்கவிடாது. தங்கியவையும் சரியாக வளராமல் குறைவாகவே முட்டையிடும். இந்தப் பலம் குட்டிகளுக்கு முதல் சில மாதம் இருக்காது, ஈனும் நேரத்தில் தாய்க்கும் தளர்ந்துபோகும், தீனியில் புரதம் குறைந்தாலும் அப்படித்தான். கறுப்பியின் மூத்த மகள்கள் இரண்டும் இப்படித்தான் நின்றன, இது பரம்பரையாக வருவது. பெரிய கிடாய் வாங்குவதற்காக அந்த இரண்டையும் முந்திய வருடமே விற்றிருந்தேன். "கறுப்பிய மட்டும் குடுத்துராத மனே" என்று அம்மா மறித்ததால் அவள் மிஞ்சினாள்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் வைத்தியன் இல்லை. கண்மடல் வெளுத்த ஆட்டுக்கு அன்றைக்கே மருந்து கொடுக்க வேண்டும், நிறை பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் ஆறு கிழமைக்கு ஒருக்கால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை, நிறையைக் கண்ணால் மட்டிட்டு ஊற்றினேன். அதில் சாகாத புழுக்கள்தான் பெருகின. கண்மடலின் நிறம் பார்த்து, தேவையான ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையைத் தென்னாபிரிக்காவில் நிற அட்டையோடு 1990களிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு மருந்து விற்ற கடையில் ஆட்டின் நிறை என்ன என்றுகூட யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு நாங்கள் ஆடு மாற்றி மேய்த்த தரவை இப்போது வேலிக்குள் போய்விட்டது. மேய்ச்சல் தரைக்காக மயிலத்தமடு, மாதவணை மாட்டுக்காரர் நடத்தும் போராட்டமாவது செய்தியில் வருகிறது, நாலைந்து செம்மறி வைத்திருப்பவனின் மேய்ச்சல் தரை போனதை யார் எழுதுகிறார்கள்? ஒரே துண்டு நிலத்தில் திரும்பத் திரும்ப மேய்த்தால் புழு ஏறாமல் என்ன செய்யும்?

சரி, உங்கள் இரண்டுக்கும் வருவோம். கண்மடல் சிவப்பாக இருந்தால் இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆனால் அடிக்கடி பாருங்கள். உடம்பில் புழுவைச் சுமந்துகொண்டே நன்றாக நிற்கும் ஆடும் உண்டு, அது தரை முழுக்க முட்டையைப் பரப்பும். அதனால் இரண்டின் புழுக்கையையும் தனித்தனியாக எடுத்துப்போய் முட்டை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் அவற்றின் கிடாய்க்குட்டியைப் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என் பட்டியில் நிற்பது கறுப்பியின் பேரன்.