குட்டிச்சாத்தானை யார் பெயரில் பதிவு செய்வது?

கேள்வி: பனைமரத்திலிருந்து இறங்கி வந்து ஒரு சிறுமிக்கு வீட்டுப்பாடம் எழுதித் தரும் குட்டிச்சாத்தானை வைத்து, 48 பக்கத்தில் குழந்தைகளுக்கான மாயாஜால காமிக்ஸ் எழுதியிருக்கிறேன். மூலக்கதை பாட்டி சொன்னது. படங்கள் என் சித்தப்பா மகன் வரைந்தவை. புத்தகம் போட்டுத் தருவதாக வந்த ஏஜென்ட், "நாட்டுப்புறக் கதைக்கு உங்களுக்கு காப்பிரைட் கிடைக்காது, எங்கள் பெயரில் பதிந்தால்தான் பாதுகாப்பு" என்று 65,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

உங்களுக்குக் கிடைக்காத உரிமை அவருக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? அதைக் கேட்டுப் பாருங்கள், போனை வைத்துவிடுவார். குட்டிச்சாத்தான் பொதுச்சொத்துதான். ஆனால் அது உங்கள் கதையில் பேசும் பேச்சும், கதை கட்டம் கட்டமாக நகரும் விதமும் உங்களுடையவை. அதன் உருவம் வரைந்த தம்பியுடையது. எழுதி, வரைந்தபோதே உரிமை வந்தாயிற்று. பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் காட்ட ஒரு சான்று, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்: கதையைப் பாட்டி வாயால்தான் கேட்டீர்களா, புத்தகத்தில் படித்தீர்களா? நாட்டுப்புறக் கதை எல்லோருக்கும் பொது. அதையே ஓர் எழுத்தாளர் தன் நடையில் எழுதினால் அந்த நடை அவருடையது, அவர் காலத்துக்குப் பின்னும் 60 வருடம். படத்துக்கும் இதே கதைதான். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் நடக்கும் கதை பல நூற்றாண்டுப் பழசு. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்தப் படம் பழசல்ல, சங்கர் மறைந்ததே 2020இல்தான். "சின்ன வயதில் பார்த்தது, கை தானாக வந்துவிட்டது" என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். வீட்டை வாடகைக்கு விடுவது வேறு, கிரயம் செய்து கொடுப்பது வேறு. புத்தகம் போட மட்டும் அனுமதி தருவது வாடகை, உரிமையையே எழுதிக் கொடுப்பது கிரயம். உங்களிடம் வாடகை என்று பேசிவிட்டுக் கிரயப் பத்திரத்தை நீட்டுகிறார்கள், அதுவும் உங்கள் பணத்திலேயே! ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 வருடம், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால்தான் "நிரந்தரமாக", "உலகெங்கும்" என்ற இரண்டு வார்த்தைகளைப் பொடி எழுத்தில் செருகுகிறார்கள். சென்ற வருடம் ஒருவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் "கதாபாத்திரங்கள் உட்பட" என்றும் இருந்தது. பிள்ளைகளுக்கான காமிக்ஸில் காசே அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு கார்ட்டூன் படமோ ஸ்கூல் பையோ வந்தால், உங்கள் குட்டிச்சாத்தானை நீங்களே தொட முடியாது.

அந்த 65,000இல் ஐஎஸ்பிஎன்னுக்கு, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணுக்கு, எவ்வளவு போட்டிருக்கிறார்? டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் அரசு ஏஜென்சி அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். காப்பிரைட் பதிவுக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய். அதற்கப்புறம்தான் வேடிக்கை. விண்ணப்பத்துக்கு டைரி எண் என்று ஒரு வரிசை எண் வரும், ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள், பிறகு "குறைபாடு" என்று ஒரு கடிதம், அதற்குப் பதில், மறுபடி காத்திருப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட பார்த்துக்கொள்ளும்படி இதை வைத்திருந்தால், இந்த ஏஜென்ட்களுக்கு இங்கே என்ன வேலை?

தம்பியோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு எத்தனை சதவீதம், அடுத்த பாகத்தை வேறொருவர் வரையலாமா என்று. சொந்தக்காரன்தானே என்று விடாதீர்கள், எழுதாமல் விட்ட பங்காளிச் சண்டைதான் என்னிடம் அதிகம் வருகிறது.

ஏஜென்ட்டுக்கு முழு பிடிஎஃப்பையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பதற வேண்டாம், அந்த மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதியில் எது உங்கள் கையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.